கையில் வார்த்த தண்ணீர்

என் பிள்ளைக்கு,

கிணற்றில் அடிக்கவென்று நான் தந்த பித்தளைத் தகட்டைத் தேடிப் பெட்டி முழுவதையும் கிளறியிருப்பாய். அது அங்கே இல்லை. நீலத் துவாயில் சுற்றி உன் வெள்ளைச் சப்பாத்துகளுக்கு நடுவில் நீ வைத்ததை நான்தான் எடுத்தேன். அந்த இடத்தில் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். கோபப்படாதே. அல்லது கோபப்பட்டுக்கொண்டே படி. உன் தமிழ் வாசிப்பு மெதுவானது என்று எனக்குத் தெரியும். மெல்பேர்னுக்கு வந்த பிறகு மறந்துபோகக் கூடாது என்று, நீ அழ அழக் குசினி மேசையில் இருத்தி நான் சொல்லித்தந்த தமிழ் அது. இன்றைக்காவது பயன்படட்டும். நீமா பக்கத்தில் நின்றால், பயணக் களைப்பு என்று சொல்லிவிட்டுத் தனியே போய் இரு. இதைப் படித்து முடிக்கும்வரை கிணற்றுத் திறப்பு விழாவைப் பற்றி அவளோடு ஒரு வார்த்தையும் பேசாதே.

போன மாதம் நீமா எனக்கு எழுதிய கடிதத்தை நான் உனக்குக் காட்டவில்லை. குழாய்க்கிணறு தயாராகிவிட்டது, உன் மகள் வந்து சேர்ந்ததும் திறப்போம், முதல் தண்ணீரை ஊரார் முன்னால் நானே அவளுடைய கைகளில் வார்ப்பேன், மெல்பேர்னில் நீ எனக்கு வார்த்ததைப் போல, என்று எழுதியிருக்கிறாள். அங்கே பெண்கள் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியுமாம். என் முகத்தையே காணாதவர்கள் என்னைத் தண்ணீர் வார்த்த தாய் என்று சொல்கிறார்களாம். நம் வீட்டு வாசல் தபால்பெட்டியடியில் நின்றபடியே அதைப் படித்தேன். அப்படியே புல்லில் இருந்துவிட்டேன். எதிர்வீட்டுக் கிரேக்கக்காரி ஓடிவந்து, யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டாள். இல்லை, நல்ல செய்தி என்று சொன்னேன்.

நீமா நினைப்பது போல ஒன்று அன்றைக்கு நடக்கவில்லை. நடந்தது என்ன என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, உன் அப்பாவுக்கு, தவம் அங்கிளுக்கு. தவம் அங்கிள் ஏன் நம் வீட்டுக்கு வருவதை விட்டார் என்று நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய்! வேலை கூடிவிட்டது என்று நான் சொன்னேன். அவருக்கு முதுகு சரியில்லை என்று உன் அப்பா சொன்னார். ஒருநாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பொய்யைச் சொல்லி மாட்டிக்கொண்டோம், நீ எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழும்பிப் போனாய். அந்தக் கேள்விக்கும் இந்தக் கடிதத்துக்கும் பதில் ஒன்றுதான். அதைச் சொல்லாமல் உன்னை அந்த ஊரில் கொண்டுபோய் நிறுத்தினால், என் பொய்க்கு நீ கை நீட்ட வேண்டி வரும். அதை என்னால் தாங்க முடியாது.

முதலில் நீமாவை எனக்கு எப்படிப் பழக்கம் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. அவள் தான்சானியாவிலிருந்து ஒரு வருடப் பயிற்சிக்கு நான் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கு வந்த தாதி. ஒருநாள் ஆய்வுகூடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, மைக்ரஸ்கோப்பில் என்ன தெரிகிறது என்று கேட்டாள். ஒரு நோயாளியின் மலத்தில் அசைந்துகொண்டிருந்த கிருமியைக் காட்டினேன். நெடுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு, "இதுதானா என் தம்பியைக் கொண்டுபோனது?" என்று கேட்டாள். அவளுடைய ஊரில் மாடு இறங்கிக் குடிக்கிற பள்ளத்தில்தான் மனிதர்களும் தண்ணீர் எடுக்கிறார்கள், கக்கூசு என்று ஒன்று ஒரு வீட்டிலும் இல்லை, பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் போய்விடுகிறார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பதறியது. அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக் கன்ரீனில் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி நின்று, நாங்கள் அந்த ஊருக்குக் கிணறு தோண்டப் போகிறோம் என்று அறிவித்தேன். யார் அந்த நாங்கள் என்று எனக்கே தெரியாது. உன் அம்மாவின் வாயைப் பற்றி உனக்குத் தெரியுந்தானே.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நீ பார்த்தது. மல்கிரேவ் தேவாலய மண்டபத்தில் கமிட்டி. தலைவி மார்கரெட். லமிங்டன் கேக் பெட்டி பெட்டியாக விற்றோம். நான் சுட்ட வடையை ஓட்டையைக் கண்டு டோனட் என்று வாங்கிக் கடித்த மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்து, இன்னும் இரண்டு தா என்றார். நோட்டீஸில் கக்கூசு என்று அச்சடிக்க வேண்டும் என்று நான் பிடித்த பிடியில் மார்கரெட்டின் காதுவரை சிவந்தது. தண்ணீர் என்று மட்டும் போட்டால் அழகாக இருக்குமே என்றாள். மலம் போகிற இடத்தைச் சரி செய்யாமல் கிணறு தோண்டினால் அதே மலத்தைத்தான் குடிப்பார்கள் என்று நான் சொன்னதும் இரண்டு பெண்கள் கேக்கைக் கீழே வைத்துவிட்டார்கள். கடைசியில் அச்சடித்தோம். நம் தமிழர்களிடம் போனபோது வேறு கதை. கோயிலில் டியூப் லைட் கொடுத்தாலும் வெளிச்சத்தை மறைத்து உபயம் இன்னார் என்று எழுதிவிடுகிற ஆட்கள் அல்லவா நாம். கிணற்றில் பெயர் போடுவீர்களா என்று கேட்காத ஆளில்லை. கக்கூசில் பெயர் போடுவீர்களா என்று கேட்ட ஆளும் இல்லை. நான் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும், அதற்கும் வருகிறேன்.

தவத்துக்கு வருவோம். நாம் இந்த நாட்டுக்கு வந்து இரண்டாம் வருடம், ஸ்பிரிங்வேல் ஸ்டேஷனில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டு நானாகப் போய்க் கதைத்தேன். அந்தக் காலத்தில் தெருவில் ஒரு தமிழரைக் கண்டால் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வருவோம், அவ்வளவு காய்ந்து போயிருந்தோம். நம் ஊர்க்காரர் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கேட்டேன்: "ஊரில எவடம்?" அவர் ஒரு கணம் தாமதித்துத் தன் வீடு இருந்த ஒழுங்கையின் பெயரைச் சொன்னார். இந்தக் கேள்வியை நான் எத்தனை பேரிடம் கேட்டு நீ பார்த்திருப்பாய். இடத்தை விசாரிக்கிற கேள்வி என்று நினைத்திருப்பாய். பிள்ளை, அது சாதியை விசாரிக்கிற கேள்வி. யாரும் வாய் திறந்து சாதி கேட்பதில்லை, எவடம் என்று கேட்போம், ஒழுங்கை போதும். அவருடைய ஒழுங்கையைக் கேட்டதும் என் முகம் மாறியிருக்க வேண்டும். ஆனாலும் வீட்டுக்கு வரச் சொன்னேன். பார், நான் எவ்வளவு பரந்த மனசுக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

அவர் வந்தார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்தார், நம் கதிரையில் இருந்தார், நம் கோப்பையில் குடித்தார், உனக்குக் கார் ஓட்டப் பழக்கினார். கட்டடம் வரைகிற வேலைக்காரர் என்பதால் நீமாவின் ஊருக்கான கிணற்று மேடை, கழிவு நீர் ஓடுகிற வாய்க்கால், கக்கூசுக் குழி எல்லாவற்றையும் அவர்தான் வரைந்து தந்தார். அவரை ஒரு படி கீழே வைத்து நீர், வாரும், இரும் என்றேன். அதே வயதுக்கார மற்ற நண்பர்களை நீங்கள் என்றேன். அவரோடு நெருக்கம் கூட, அதனால்தான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இன்னொன்று, நாங்கள் அவருடைய வீட்டுக்குப் போனால் அவருடைய மனைவி மணி குசினிக்குள் போக எழும்பும்போதே என் வாயிலிருந்து அந்த வசனம் வந்துவிடும்: "வேண்டாம் மணி, இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்." ஒருதடவையா, இரண்டு தடவையா! நாலு வருடம். நம் ஊர் ஆட்களுக்கு இந்த வசனம் மிக மரியாதையானது. உங்கள் வீட்டில் எங்கள் கை நனையாது என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஒருநாள் நீ மட்டும் மணி தந்த ஒரேஞ்ச் கோர்டியலை மளமளவென்று குடித்தாய். திரும்பி வரும்போது காரில் நான் உன்னோடு சீறி விழுந்தேன், தொண்டை கட்டப் போகிறது என்று. "இட் வாஸ் ஒன்லி கோர்டியல், அம்மா" என்றாய். உன் அப்பா சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி நான் ஒருபோதும் உனக்குச் சொல்லாததைச் சொல்கிறேன். ஊரில் என் ஐயாவின் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. கோடையிலும் வற்றாது. தவத்தின் ஒழுங்கையில் இருந்தவையெல்லாம் உப்புக் கிணறுகள். குடிதண்ணீருக்கு அந்த ஆட்கள் எங்கள் கிணற்றடிக்கு வர வேண்டும், ஆனால் வாளியைத் தொடக் கூடாது. மதிலுக்கு வெளியே குடத்தோடு தள்ளி நிற்பார்கள். எங்கள் வீட்டில் யாருக்காவது நேரம் வரும்போது அள்ளி அவர்களுடைய குடத்தில் வார்ப்பார்கள். வெயிலில் நின்று தாகம் என்று கேட்டால், குடிக்கப் பாத்திரம் கொடுப்பதில்லை. அவர்கள் இரண்டு கையையும் ஏந்துவார்கள், செம்பால் மேலிருந்து வார்க்க வேண்டும். பத்து வயதிலிருந்து அது என் வேலை. உயர்த்திப் பிடி, கையில் முட்டக் கூடாது, தெறிக்கக் கூடாது என்று ஐயா பழக்கினார். நன்றாகப் பழகினேன். ஒரு சொட்டும் தெறிக்காமல் வார்ப்பேன். அந்தப் பெண்கள் எவ்வளவு நேரம் நின்றிருந்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஐயாவுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லத் தெரியாது, நல்ல மனிதர் என்றுதான் இவ்வளவு காலமும் உனக்குச் சொல்லி வளர்த்தேன்.

அந்த வாளி நடை நடந்தது எழுபத்தைந்தில், நம் தெருவுக்கு முதல் கலர் டெலிவிஷன் வந்த வருடம். ஸ்பிரிங்வேல் ஸ்டேஷனிலிருந்து மல்கிரேவ் மண்டபம்வரை ஆளுக்கொரு வாளி தண்ணீரோடு நடக்க வேண்டும், நடக்கிறவருக்காகத் தெரிந்தவர்கள் காசு தருவார்கள். யோசனை என்னுடையதுதான். நான் நடக்கவில்லை. மண்டப வாசலில் தண்ணீர் மேசைக்குப் பொறுப்பாக நின்றேன். காகிதக் கோப்பைகளை ஒரு தட்டில் அடுக்கி வைத்திருந்தேன். பக்கத்தில், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, ஊரிலிருந்து கொண்டு வந்த பித்தளைச் செம்பில் தண்ணீர். செம்பால் கோப்பையை நிரப்பிக் கையில் கொடுக்க வேண்டும். மார்கரெட் வந்தாள், கொடுத்தேன். பாதிரியார் வந்தார், கொடுத்தேன். அவர்களுடைய விரல் என் விரலில் பட்டது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்ததாக நீமா வந்தாள். மற்றவர்களெல்லாம் பாதித் தண்ணீரை வழியில் ஊற்றிவிட்டு வந்தார்கள், அவள் தலையில் வைத்த வாளியில் ஒரு துளி சிந்தாமல் கொண்டு வந்திருந்தாள். வாளியை இறக்கிவிட்டு, வேர்த்து வழிய, கோப்பையை எடுக்கக் கையை நீட்டினாள்.

என் இடது கை கோப்பைத் தட்டைப் பின்னால் இழுத்தது. வலது கை செம்பைத் தூக்கியது. யோசித்துச் செய்யவில்லை, பிள்ளை. ஆனால் வேறு யாரும் என் கையைப் பிடித்துச் செய்விக்கவும் இல்லை. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாள். நான் ஒரு முழ உயரத்திலிருந்து வார்த்தேன். முட்டவில்லை, தெறிக்கவில்லை. அவள் முதலில் கையைக் கழுவினாள், பிறகு ஏந்திக் குடித்தாள். கறுத்த கைகளில் தண்ணீர் விழுகிற அந்தச் சத்தம் காதில் பட்ட பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. மல்கிரேவில் நிற்கிறேனா, ஐயாவின் கிணற்றடியில் நிற்கிறேனா என்று ஒரு நிமிடம் விளங்கவில்லை. செம்பை இறக்கக்கூட முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அவளுக்குப் பின்னால் வாளியோடு தவம் நின்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. செம்புக்கும் அவளுடைய கைக்கும் நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவசர அவசரமாக ஒரு கோப்பையை நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் நீட்டினேன். பாதித் தண்ணீர் மேசையில் கொட்டியது. "இந்தாரும் தவம், குடியும்" என்றேன். சட்டை முதுகோடு ஒட்டி, உதடு காய்ந்து போய் நின்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "வேண்டாமக்கா. இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்."

வாளியை மேசைக் காலடியில் சிந்தாமல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். உள்ளே மண்டபத்தில் அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. நீமா மேடையில் ஏறினாள். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை மாதத்தில் எல்லாரும் என்னோடு அன்பாகத்தான் இருந்தார்கள், ஆனால் இன்றைக்குத்தான் வீட்டில் இருப்பதாக உணர்ந்தேன், எங்கள் ஊரில் மதிப்புள்ள விருந்தாளி வந்தால் வீட்டுக்காரி தானே எழுந்து அவருடைய கைகளில் தண்ணீர் வார்ப்பாள், இதோ இந்த மாமா இன்று எனக்கு வார்த்தாள், என்று என்னைக் காட்டினாள். மாமா என்றால் அவர்கள் மொழியில் தாய். முதல் தடவை அவள் நம் வீட்டில் மாமா என்று கூப்பிட்டபோது உன் அப்பா திரும்பிப் பார்த்ததும் நாம் விழுந்து விழுந்து சிரித்ததும் ஞாபகம் இருக்கும். அன்று யாரும் சிரிக்கவில்லை. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நீ அப்போதுதான் வாளியோடு வாசலில் வந்து நின்றாய். எதற்கென்று தெரியாமல் நீயும் வாளியை வைத்துவிட்டுக் கைதட்டினாய். உன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு நான் தலையைக் குனிந்தேன், எல்லாரும் அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

மறுநாள் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "ஆருக்கும் விளங்கியிராது. விடப்பா" என்றார்.

"தவத்துக்கு விளங்கினது."

"அவர் ஒண்டும் சொல்ல மாட்டார்."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அவர் திரும்பவும் பேப்பரை விரித்தார். பக்கத்தைப் புரட்டவே இல்லை.

நீமா ஊருக்குத் திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மார்கரெட் போகிற இடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாள், கேட்டவர்கள் கண் கலங்கிக் கொடுத்தார்கள். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. பிறகு சொல்வது எப்படி? கிணறு நின்று போகுமே என்று காரணம் கண்டுபிடித்தேன். நல்ல காரியம் செய்கிறவளுக்குக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை, அதை என்னைப் பார்த்துத் தெரிந்துகொள். நீ தாதிப் படிப்பை முடித்துவிட்டு அந்த ஊர் மருந்தகத்துக்கே வேலைக்குப் போகிறேன் என்றபோது எல்லாரும் அம்மாவைப் போல பிள்ளை என்றார்கள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேலே அந்தத் தகடு. நம் சனத்தைப் பார்த்துச் சிரித்த நானே, ஸ்பிரிங்வேலில் பரிசுக் கோப்பைக்குப் பெயர் வெட்டுகிற கடைக்குப் போய், உபயம் என்று எழுதி அதன் கீழே ஐயாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடைக்காரன் பாவம், தமிழைப் படமாகப் பார்த்து வெட்டினான். கடைசி எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போனதற்காக அவனை இரண்டுதரம் அலைய வைத்தேன். ஒரு புள்ளி பிழைத்தது எனக்குத் தெரிந்தது. தண்ணீருக்கு ஆட்களை மதிலுக்கு வெளியே நிற்க வைத்த மனிதரின் பெயரை ஒரு கிணற்றில் அடிக்கப் போகிறேன் என்பது தெரியவில்லை. நீமாவின் கடிதத்தோடு வாசல் புல்லில் இருந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சிநேகிதிகளிடம் விடைபெறப் போயிருந்தபோது, தவத்தின் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வேண்டாம் என்று நடந்தேன். மற்றவர்களை வாளியோடு நடக்க வைத்த அந்தத் தெருவில் இத்தனை வருடத்தில் நான் நடந்தது அன்றுதான். வெறுங்கையோடு நடக்கவே நாக்கு வறண்டுவிட்டது. தவம்தான் கதவைத் திறந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. "என்னக்கா, நடந்தே வந்தனீங்கள்? உள்ள வாங்கோ, இருங்கோ" என்றார், நேற்றும் வந்து போனவளிடம் பேசுவது போல. நீ போகிற நாளைக் கேட்டார். பிறகு, "தண்ணி குடிக்கிறியளே?" என்று கேட்டார்.

பிள்ளை, அதற்கென்றே போனேன். அவருடைய வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு மன்னிப்புக் கேட்பது என்று வழி நெடுகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் கேட்டதும் என் வாய் சொன்னது: "இல்லை, இப்பதான் குடிச்சி..."

பாதியில் என் காதில் விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். தவம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். உரக்க, தோள் குலுங்கச் சிரித்தார். மணி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் அழத் தொடங்கிவிட்டேன். மணி ஒன்றும் கேட்காமல் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டு வந்து, "இந்தாங்கோ அக்கா" என்று என் கையில் தந்தாள். அவளுடைய விரல் என் விரலில் பட்டது. முழுவதையும் குடித்தேன். இன்னொன்று கேட்டேன், அதையும் குடித்தேன்.

"தவம், நீங்கள் அண்டைக்குப் பார்த்தது உண்மைதான். நான் செய்தது அதுதான்" என்றேன். நீங்கள் என்ற சொல் அவருக்குக் கேட்டது, முகத்தில் தெரிந்தது. பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "எங்கட அம்மா உங்கட ஐயாவின்ர கிணத்தடியில நிண்டவ. உங்களைத் தெரியும் அவவுக்கு. மற்றவையை விட அந்தப் பிள்ளை கொஞ்சம் கூட வார்க்கும் எண்டு சொல்லுறவ."

அவர் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அம்மாவின் முகம் எப்படியிருக்கும் என்று நினைவில் தேடினேன். வரவில்லை. ஏந்திய கைகள் மட்டும்தான் வந்தன. நான் ஒருநாளும் முகத்தைப் பார்த்ததில்லை, தெறிக்காமல் வார்ப்பதற்குக் கையைத்தானே பார்க்க வேண்டும். தகட்டை என் பையிலிருந்து எடுத்துக் காட்டி, அந்த அம்மாவின் பெயரைச் சொல்லுங்கள், அதை வெட்டி அனுப்புகிறேன் என்றேன். தவம் தகட்டைக் கையில் வாங்கிப் புள்ளியைத் தடவிப் பார்த்தார். திருப்பித் தந்துவிட்டார். "எங்கட பேர் ஒண்டும் வேண்டாமக்கா. பிள்ளையிட்ட ஒண்டு சொல்லுங்கோ. அங்கயும் கிணத்தடியில ஆரோ ஒராள் தள்ளி நிக்கும். அது ஆர் எண்டு பாக்கச் சொல்லுங்கோ" என்றார். உன்னைப் பற்றி, அந்தப் பிள்ளை நல்லாக் கார் ஓடும், ஆனா பின்னுக்குப் பாக்காது என்றும் சொன்னார்.

அவர் எனக்கு மன்னிப்புத் தந்தாரா என்று கேட்காதே. தரவில்லை, நானும் கேட்டு முடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வருவாரா என்றும் தெரியாது. தகடு இப்போது நம் கராஜில் இருக்கிறது. கக்கூசுக் கதவில் அடிக்கலாம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன், ஐந்து வருடத்தில் இந்த விஷயத்தில் அவர் முதல்தடவையாகச் சிரித்தார்.

இந்தக் கடிதத்துக்குள் இன்னொரு கடிதம் இருக்கிறது, ஒட்டாத உறையில். அது நீமாவுக்கு. நடந்ததெல்லாம் என் இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். அவளுடைய கைகளைக் கண்டு என் கை ஏன் கோப்பையை இழுத்தது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அதை எழுதும்போது மூன்று தடவை பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போனேன். நீ முதலில் படித்து எழுத்துப் பிழைகளைத் திருத்து. வேறொன்றையும் திருத்தாதே, அம்மாவைக் காப்பாற்ற ஒரு சொல்லையும் மென்மையாக்காதே. திறப்பு விழாவுக்கு முன்னால் அவளுடைய கையில் கொடு. அவள் படிக்கும்போது பக்கத்தில் இரு. அழுதால் அழட்டும், ஏசினால் ஏசட்டும், ஏசுவதை எனக்கு எழுது. உன்னைப் பிறகு அந்த ஊரில் வைத்திருக்க அவளுக்கு விருப்பமில்லை என்றால் திரும்பி வா. அதற்குக் காரணம் நான் என்று மார்கரெட்டிடமும் கமிட்டியிடமும் நானே எழும்பி நின்று சொல்வேன்.

விழா நடந்தால், தவம் சொன்னதைச் செய். கூட்டத்தின் நடுவை விட்டுவிட்டு ஓரத்தைப் பார். குடத்தோடு யார் தள்ளி நிற்கிறார் என்று பார், முகத்தைப் பார், பெயரைக் கேள். எவடம் என்று மட்டும் கேட்காதே. முதல் தண்ணீர் அந்த ஆளுக்கு, அவரே பம்பைப் பிடித்து அடித்து எடுக்கட்டும்.

நீமா என் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு, எல்லாம் தெரிந்த பிறகும், உன் கையில் தண்ணீர் வார்க்க வந்தால், அப்போது மட்டும் இரண்டு கையையும் நீட்டு.

அம்மா